மதிப்பெண் கிடைக்கிறது, கருவி கிடைப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்கள் ஒட்டடை அடித்துத் துடைக்கப்படும். பிளஸ் டூ மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடக்கும் காலம் அது. அதே மாதத்தின் 28 ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகவும் கொண்டாடுகிறோம். 1928 ஆம் ஆண்டில் அந்த நாளில்தான் சர் சி.வி. இராமன், இன்று அவர் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். செய்முறைத் தேர்வு எவ்விதச் சிக்கலுமின்றி நடந்து முடிந்தது என்றும், பள்ளிகளில் அறிவியல் நாள் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது என்றும் தங்கள் நாளிதழில் ஆண்டுதோறும் செய்தி வருகிறது. இந்த இரண்டு செய்திகளிலும் இடம்பெறாமல் போகும் ஒன்றைப் பற்றி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களுக்கு எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என மொத்தம் 100 மதிப்பெண்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. நான் அகத்தேர்வாளராகவும் புறத்தேர்வாளராகவும் இருந்த ஆண்டுகளில், செய்முறைக்கான 20 மதிப்பெண்களில் 20ஐயும் பெறாத பிள்ளையைப் பார்ப்பது அரிதாக இருந்தது. வராமல் போனவர்களைத் தவிர ஏறத்தாழ எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டோம். இதில் லஞ்சமோ மிரட்டலோ இல்லை, இரக்கம்தான் இருந்தது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் பொறியியல் கட்-ஆஃபில் அரை மதிப்பெண் குறைந்தாலும் ஒரு பிள்ளை எத்தனையோ பேருக்குப் பின்னால் தள்ளப்பட்டுவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியில் முழு மதிப்பெண் போடும்போது, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்மையின் பெயரால் 14, 15 என்று போட எந்த ஆசிரியருக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லை. நானும் 20 போட்டவள்தான்.

ஆனால் அந்த 20 என்ன செய்தது என்பதை ஓய்வுபெற்ற பின்னர்தான் முழுமையாக உணர்ந்தேன். இரண்டு பேருக்கு ஒரு கருவி என்று வாய்த்த நகரப் பள்ளி மாணவனுக்கும், 58 பேர் கொண்ட வகுப்புக்கு, ஒளி வளையும் கோணத்தை அளக்கும் நிறமாலைமானிகள் மூன்று, அவற்றிலும் ஒன்றில் நுண்ணளவு படிக்கும் வெர்னியர் அளவுகோல் தேய்ந்துபோன நிலை என்று இருந்த எங்கள் பள்ளி மாணவிக்கும் மதிப்பெண் பட்டியலில் ஒரே எண்தான். அந்தப் பட்டியலை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருந்து பார்த்தாலும் சரி, சென்னையில் இருந்து பார்த்தாலும் சரி, ஏற்றத்தாழ்வே தெரியாது. மற்ற ஏற்றத்தாழ்வுகளெல்லாம் தேர்ச்சி விகிதத்திலோ சராசரி மதிப்பெண்ணிலோ எப்படியாவது வெளிப்பட்டுவிடும். இது மட்டும் வெளிப்பட வழியே இல்லாதபடி எங்கள் கையாலேயே மூடிவிட்டோம். அறிவியல் கல்வியில் சமத்துவம் என்று பேசுவோர், இடஒதுக்கீட்டையும் நுழைவுத் தேர்வையும் பற்றிப் பேசுவது போலவே இதைப் பற்றியும் பேச வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு பிள்ளைக்கு அறிவியல் கிடைத்ததா என்பதை அதன் கை கருவியைத் தொட்டதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நிறமாலைமானி பற்றிச் சொன்னேன். அந்தச் சோதனையைப் பள்ளியில் செய்தவர்கள் இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். இருட்டடித்த அறையில் சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் இருக்கும். முப்பட்டகத்தை மேடையில் வைத்துவிட்டு, தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மேடையை மெல்லத் திருப்ப வேண்டும். பிளவின் மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், ஓரிடத்தில் தயங்கும், மேடையை நாம் அதே திசையில் திருப்பிக்கொண்டிருக்கும்போதே அது மட்டும் வந்த வழியே திரும்பத் தொடங்கும். திரும்பும் அந்த இடம்தான் சிறுமத் திசைமாற்றக் கோணம். புத்தகத்தில் அதற்கு ஒரு வரைபடமும் ஒரு சூத்திரமும் உண்டு. இரண்டையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அந்தக் கோடு திரும்புவதைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை அதுவரை வந்த பிள்ளை அல்ல. ‘ஐயோ, திரும்புது!’ என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் ஆசிரியராக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு கருவியைச் சுற்றி எட்டுப் பேர், பத்துப் பேர் நின்றால் அந்தச் சத்தம் யாருக்கு வாய்க்கும்? முதலில் முண்டியடித்துக் கை வைக்கும் பையனுக்கு. அவனுக்கு அருகில் நிற்கும் இன்னொருவன் வெர்னியரைப் படித்துச் சொல்வான். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பெண்ணிடம் நோட்டைக் கொடுத்து, ‘உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீ எழுது’ என்பார்கள். அவள் குனிந்தபடி அளவீடுகளை எழுதிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் பிறகு அவள் நோட்டைப் பார்த்துத் தங்கள் ரெக்கார்டில் எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து நன்றாக இருப்பதே அவள் கருவியைத் தொடுவதற்குத் தடையாகிப் போனதை நான் பல ஆண்டுகள் கவனிக்கவில்லை. அதைவிடக் கசப்பான இன்னொன்றும் உண்டு. குடத்தில் தண்ணீர் கொண்டுவரவும், வேதியியல் ஆய்வகத்துச் சோதனைக் குழாய்களைக் கழுவி வைக்கவும் எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்பதை ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தால், அந்தப் பெயர்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல என்பது எந்த ஆசிரியருக்கும் விளங்கும். நான் குறித்து வைத்துப் பார்த்தேன், வெட்கப்பட்டேன். அதன் பிறகு, தொலைநோக்கியைப் பிடிப்பது, வெர்னியரைப் படிப்பது, எழுதுவது, கழுவுவது ஆகிய நான்கையும் வருகைப் பதிவேட்டின் வரிசை எண்படி முறை வைத்து மாற்றினேன். முறை வைத்த முதல் மாதமே ஆய்வகத்தில் கேட்கும் குரல்கள் மாறின. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

ஆய்வகக் கதவருகில் ஒருவரை நிறுத்தி வைப்பது நம் நாட்டில் புதிதல்ல. 1933 இல் கமலா சோகோனி, பெண் என்ற ஒரே காரணத்தால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதலில் இடம் மறுக்கப்பட்டார். மறுத்தவர் அப்போதைய இயக்குநர் சி.வி. இராமன். கமலா விடாமல் நின்று வாதாடிய பின்னர், ஓராண்டு தகுதிகாண் பருவம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1939 இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியல் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர் அவர். இராமனின் பெருமை இதனால் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அவரே பின்னாளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவர் பெயரால் நாம் கொண்டாடும் நாளில் கமலாவின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் வற்புறுத்தி வந்தேன், இன்றும் வற்புறுத்துகிறேன்.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய நிகழ்வுக்கு வருகிறேன். 2018 ஜூன் மாதம், நான் பணியாற்றிய பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு ஒரு பார்வையற்ற மாணவி தன் தாயாருடன் வந்தாள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவு வேண்டும் என்று கேட்டாள். பத்தாம் வகுப்பில் அவளுக்கு அறிவியல் செய்முறையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அப்போது அது சலுகை. சேர்க்கை நாளில் அதே விலக்கு, ‘இந்தப் பெண் செய்முறையே செய்ததில்லையே, எப்படி அறிவியல் பிரிவில் சேர்ப்பது?’ என்ற கேள்வியாக அவள் முன் வந்து நின்றது. ‘உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றோம், வரலாறு எடுத்துக்கோ’ என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. நானும் அந்த அறையில் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நடைமுறைக்கு வந்து ஓராண்டு கழிந்திருந்தது. உடற்குறையைக் காரணம் காட்டி ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டு கற்பிப்பது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அச்சட்டத்தின் 16 ஆவது பிரிவும், பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தக்க மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று 17 ஆவது பிரிவும் கூறுகின்றன. அன்று அவை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது என் தவறு.

அவள் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மதிய இடைவேளையில், தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து, ‘டீச்சர், உள்ளே என்னதான் இருக்குன்னு தொட்டுப் பார்க்கலாமா?’ என்று கேட்டாள். மேசையில் தனி ஊசல் சோதனைக்காக வைத்திருந்த தாங்கியும் நூலும் பித்தளைக் குண்டும் இருந்தன. நூலின் நீளத்தை அவளே அளக்கட்டும் என்று மீட்டர் அளவுகோலில் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஓர் இடத்தில் நூல் கட்டிக் கொடுத்தேன். விரலால் எண்ணி 100 சென்டிமீட்டர் வைத்தாள். அலைவுகளை எண்ணுவதற்கு, குண்டு போகும் வழியில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உரசும்படி தொங்கவிட்டோம். ஒவ்வொரு முறையும் ‘சர்’ என்று ஒரு சிறு ஓசை. அவள் எண்ணினாள், தோழி ஸ்டாப் வாட்சைப் பிடித்தாள். இருபது அலைவுகளுக்கு 40.5 விநாடி. கணக்கை அவள் மனத்தாலேயே போட்டு, தோழியை எழுதச் சொன்னாள். புவியீர்ப்பு முடுக்கம் 9.6 என்று வந்தது.

வகுப்பில் இருந்த அத்தனை ரெக்கார்டு நோட்டுகளிலும் அது 9.8. முந்தைய ஆண்டு அண்ணன்மார் அக்காமாரின் நோட்டிலிருந்து வழிவழியாக வந்த 9.8. அவளுக்கு மட்டும்தான் 9.6. ‘ஏன் டீச்சர் குறையுது? காகிதம் உரசுறதாலயா?’ என்றாள். காகிதத்தை எடுத்துவிட்டு, தாங்கியில் விரலை வைத்து அதன் நடுக்கத்தைக் கொண்டே மீண்டும் எண்ணினாள். அதே 40.5. சற்று நேரம் பேசாமல் இருந்தவள், மேலே நூல் கட்டிய இடத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே கீழே வந்து, கொக்கியைத் தாண்டிக் குண்டை உள்ளங்கையில் பிடித்து, ‘நூல் இங்கேதான் முடியுது, ஆனா ஆடுறது இதுவும் சேர்த்துதானே? குண்டோட நடுவு வரைக்கும் அளந்திருக்கணுமோ?’ என்று கேட்டாள். கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்து இரண்டு சென்டிமீட்டர் இருந்தது. 102 என்று வைத்துக் கணக்கிட்டால் 9.8 வருகிறது. கண்ணால் பார்த்த ஆயிரம் மாணவர்களில் இந்தப் பிழையைத் தானாகக் கண்டுபிடித்தவர்களை என் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவள் கண்டுபிடித்தது விரலால் தடவியதால்தான். அந்தப் பெண்ணுக்குத்தான் செய்முறை முடியாது என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

விலக்கு என்பதும் 20க்கு 20 என்பதும் ஒரே இரக்கத்தின் இரண்டு வடிவங்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. கருவி கொடுக்க முடியாத இடத்தில் மதிப்பெண் கொடுக்கிறோம். மாற்று வழி யோசிக்க வேண்டிய இடத்தில் விலக்குக் கொடுக்கிறோம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் செய்முறைக்குப் பதிலாக அதையொட்டிய வினாக்களைத் தருகிறது. கதவை மூடிவிடவில்லை என்ற அளவில் அது மேல். இருந்தாலும் அங்கேயும் அந்தப் பிள்ளையின் கையில் ஊசல் இல்லை. வேறு வழி இல்லாமலும் இல்லை. வெப்பநிலையைப் பேசிச் சொல்லும் வெப்பமானியும், நிறத்தைப் பெயர் சொல்லி அறிவிக்கும் கைப்பேசிச் செயலியும் இன்று கடையிலும் கையிலும் கிடைக்கின்றன. கணிதக் குறியீடுகளைப் பிரெய்லில் எழுதுவதற்கான முறையை வகுத்த ஆபிரகாம் நெமெத் தாமே பார்வையற்ற கணிதவியலாளர். அவர் பெயரால் வழங்கும் குறியீடு பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. எந்தச் சோதனையை எந்த மாற்று முறையில் செய்யலாம் என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டால், ஆசிரியர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

நடக்க இயலாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பள்ளிகளில் பெரும்பாலானவை தேர்தல் காலத்தில் வாக்குச்சாவடிகள். அதனால் தரைத்தள வகுப்பறைகளுக்குச் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், நல்லது. நான் பணியாற்றிய பள்ளிகளில் இரண்டில் ஆய்வகங்கள் முதல் மாடியில் இருந்தன. காலிபர் அணிந்த ஒரு மாணவனை இரண்டு ஆண்டுகள் நண்பர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் அன்பை மறக்க மாட்டேன். ஆனால் மாடியில் இருந்த ஆய்வகத்தையும் கீழே அதற்கு ஏற்றதாக இருந்த ஓவிய அறையையும் இடம் மாற்றிக்கொள்ள ஒரு மே மாத விடுமுறை போதும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்கள் தரத்தில் நாட்டின் எந்தப் பாடநூலுக்கும் குறைந்தவை அல்ல. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8 ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைக் கருவிகளைப் பையில் எடுத்துக்கொண்டு போகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் பல்லாண்டுகளாகச் செய்துவந்த வேலையை அரசே கையில் எடுத்தது பெரிய செயல். ஆனால் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு எழுநூறு சொச்சம் கருத்தாளர்கள் என்றால், ஒருவருக்குப் பதினெட்டுப் பள்ளிகள் வருகின்றன. ஒரு பள்ளிக்கு மாதம் ஒருமுறைக்கு மேல் போவது அரிது. எட்டாம் வகுப்போடு அதுவும் நின்றுவிடுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ‘உயர் தொழில்நுட்ப ஆய்வகம்’ என்று பெயர்ப்பலகை வைத்த அறை இருக்கிறது. உள்ளே கணினிகள் இருக்கின்றன. கணினிகள் வேண்டியவைதான். ஆனால் கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காணும் டைட்ரேஷன் சோதனையின் காணொலி திரையில் ஓடும்போது, பியூரெட் திருகைப் பிடித்திருக்கும் விரல் ஒரு துளி அதிகமாக விட்டுவிடும் பதற்றம் இல்லை. இளஞ்சிவப்பு வந்ததா, வரவில்லையா என்று தானே முடிவு செய்ய வேண்டிய அந்த ஒரு நொடி இல்லை.

ஆய்வக உதவியாளர் பணியிடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 4,362 பணியிடங்களுக்கு 2015 இல் தேர்வு நடந்து, வழக்குகளைத் தாண்டி, 2017 இல் நியமனங்கள் வந்தபோது நாங்கள் பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. வந்தவர்களைப் பல பள்ளிகளில் அலுவலகக் கணினியின் முன் உட்கார வைத்தோம். ஏனென்றால் அலுவலகத்திலும் ஆள் இல்லை. ஆய்வகத்தின் பூட்டு மறுபடியும் ஆசிரியரின் சாவிக் கொத்துக்கே வந்துவிட்டது. அடுத்தடுத்து ஐந்து பாடவேளை எடுத்துவிட்டு வரும் ஆசிரியர் அமிலப் புட்டியை அளந்து ஊற்றி, 58 பேருக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டுப் பாடமும் நடத்த வேண்டும் என்றால், அவர் கரும்பலகையில் படம் வரைந்து முடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை பிள்ளைகளை வாட்டியதை நேரில் கண்டவள் என்பதால் அந்த முடிவை வரவேற்கிறேன். ஆனால் 2017-18 இல் அந்தத் தேர்வு வருவதற்கு முன்பு என்ன நடந்தது என்பதும் நினைவில் இருக்கிறது. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டுகள் ஓட்டினார்கள். வெர்னியர் அளவி, திருகு அளவி, தனி ஊசல், மீள்திறன் சோதனைகள் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. அளவெடுப்பது என்றால் என்ன, பிழை என்றால் என்ன என்று கை கற்றுக்கொள்ளும் ஆண்டு அது. தேர்வு வேண்டாம், ஆனால் பிளஸ் ஒன் ஆய்வகம் நடந்ததா என்று கேட்க யாராவது இருக்க வேண்டும்.

பெரிய எண்ணிக்கையில், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்) மாவட்டத்தைக் காட்டுவேன். 1972 இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் 1978 இல் அந்த மாவட்டம் முழுவதும் பரவியது. நான்கு பிள்ளைகள் சேர்ந்த குழுவுக்கு ஒரு கருவித் தொகுப்பு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு. தாமே செய்து காட்ட வேண்டிய செய்முறைத் தேர்வு. கல்லூரிப் பேராசிரியர்களும் ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களுடன் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 2002 இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது என்பது வருத்தத்துக்குரியது. முப்பது ஆண்டுகள் அது ஓர் அரசுப் பள்ளி அமைப்புக்குள்ளேயே நடந்தது என்பது அதே அளவுக்கு நினைவில் வைக்க வேண்டியது.

நிதியைப் பற்றிய கேள்வி வரும். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25க்குத் தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியமும் அத்திட்டத்தைச் சார்ந்தது என்பதால், கல்விக் கொள்கை பற்றிய இந்தச் சண்டையின் அடி யார் தலையில் விழுகிறது என்பதை இரு அரசுகளும் எண்ணிப் பார்க்க வேண்டும். என்றாலும் நான் கேட்பவற்றில் பெரும்பகுதிக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் தன் அறிவிப்புப் பலகையில், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்தக் கருவி எத்தனை, ஒவ்வொரு சோதனையையும் எத்தனை பேர் தம் கையால் செய்தார்கள் என்பதை மாதந்தோறும் எழுதி வைக்கட்டும். செய்முறை மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவில்லை. இந்த எண்ணிக்கையை மதிப்பெண்ணோடு கலக்காமல் தனியாகத் திரட்டினால், பிள்ளைகளைத் தண்டிக்காமலேயே பள்ளிகளின் பற்றாக்குறை வெளிச்சத்துக்கு வரும். உடற்குறையைக் காட்டி எந்தப் பிள்ளைக்காவது அறிவியல் பிரிவு மறுக்கப்பட்டால், மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்று ஓர் ஆணை போதும். எழுத வேண்டும் என்றாலே பாதி மறுப்புகள் நின்றுவிடும். ஆய்வக உதவியாளரை ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். உடைந்த பியூரெட்டுக்கும் தீர்ந்த வேதிப்பொருளுக்கும் தலைமையாசிரியர் உடனே செலவழிக்கும்படி ஒரு சிறு தொகை பள்ளியின் கையில் இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 இல் சட்டமானது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. என் மாணவிகள் சிலர் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள். முதலாண்டு ஆய்வகத்தில், பிப்பெட்டை இதற்கு முன் பிடித்ததில்லை என்பதை மறைக்கப் பின்வரிசையில் நின்றதாக அவர்களில் ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். பாடமொழி மாறியதில் ‘உந்தம்’ மொமென்டமானது பத்தே நாளில் பழகிவிட்டது. கை நடுங்கியதுதான் ஓராண்டு ஆயிற்று என்றாள்.

தங்கள் நாளிதழுக்கு மாவட்டந்தோறும் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். வரும் செய்முறைத் தேர்வு நாட்களில் அவர்கள் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம், ‘தேர்வு எளிதாக இருந்ததா?’ என்று கேட்பதோடு, ‘இந்தக் கருவியை இன்றைக்கு முன் எத்தனை முறை தொட்டிருக்கிறாய்?’ என்றும் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிட வேண்டுகிறேன். ஜூன் மாதம் பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கும்போது, எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிரிவு மறுக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை (இயற்பியல்),
திருவண்ணாமலை மாவட்டம்.